ஒரே லேனில் நீந்துகிறோம், ஒரே டீம் இல்லையா?

கேள்வி: கோச் சார், எனக்கு வயது 44. ஒன்பது பேர் கொண்ட ஒரு குழுவில் நாலு வருடமாக விடியற்காலையில் நீந்துகிறேன். பெண்கள் நாலு பேர் (36, 44, 52, 61), ஆண்கள் ஐந்து பேர் (29, 39, 47, 58, 63). மாஸ்டர்ஸ் போட்டிகளில் (பெரியவர்களுக்கான நீச்சல் போட்டிகள்) எங்கள் குழுவின் பெயர் வராது. பல குளங்களைச் சேர்ந்த குழுக்களை ஒன்றாக்கிய ஒரு பெரிய கிளப்பின் பெயரில்தான் பதிவு செய்கிறோம். போன போட்டியில் மெட்லி ரிலேயில் (நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு ஒரு நீச்சல் வகையில் நீந்துவது) என்னைச் சேர்த்தார்கள். மற்ற மூன்று பேரையும் (38, 41, 47) அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். தங்கம் கிடைத்தது. நான் மெடல் வாங்கும்போது என் லேன் தோழி (52) என் துண்டையும் கண்ணாடியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளை எந்த ரிலேயிலும் சேர்க்கவில்லை. தண்ணீரில் பாய்வதற்கான மேடையான பிளாக்கில் ஏறினால் அவளுக்குக் கால் நடுங்கும், அதனால் அவளும் கேட்கவில்லை. இப்போது எங்கள் குழுவில் தகராறு. பாதிப் பேர் தனி கிளப்பாகப் பதிவு செய்யலாம் என்கிறார்கள். பாதிப் பேர் பெரிய கிளப்பே போதும் என்கிறார்கள். 39 வயதுக்காரர் எந்தக் கிளப்பும் வேண்டாம், தனியாளாகவே நீந்துகிறேன் என்கிறார். பெயர் தெரியாத மூன்று பேரோடு நீந்தினால் அது டீமா? உண்மையில் டீம் என்றால் எது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெரும்பகுதி பதிவு, பெயர், கிளப் என்றே போகிறது. நடுவில் ஒரு வரி மட்டும் தோழியின் கையில் இருந்த துண்டைப் பற்றியது. பதிவு விஷயத்துக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்களை உறுத்துவது அந்த ஒரு வரிதான் என்று எனக்குப் படுகிறது.

முதலில் அந்தத் தங்க மெடலைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். அது முறைப்படி வென்ற மெடல், அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. வேர்ல்ட் அக்வாடிக்ஸ் (முன்பு ஃபினா என்று இருந்த உலக நீச்சல் அமைப்பு) மாஸ்டர்ஸ் நீச்சலுக்கு வைத்திருக்கும் விதி எளிமையானது. ரிலேயில் நீந்தும் நாலு பேரும் ஒரே கிளப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒருவர் ஒரு கிளப்புக்குத்தான் நீந்தலாம். அவ்வளவுதான். சேர்ந்து பயிற்சி செய்தார்களா, ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியுமா என்று விதி கேட்பதில்லை. இன்னொன்றையும் அதே விதி சொல்கிறது: மாஸ்டர்ஸில் யாரும் நாட்டுக்காக நீந்துவதில்லை, கிளப்புக்காக மட்டும்தான். உலகப் போட்டியிலும் அப்படியே. ஒலிம்பிக்கில் நாட்டின் பெயர் இருக்கும் இடத்தில் இங்கே கிளப்பின் பெயர் இருக்கும். அதனால்தான் மாஸ்டர்ஸ்காரர்களுக்கு கிளப் பெயர் மேல் இத்தனை உணர்ச்சி. உங்கள் குழுவில் நடக்கும் தகராறு எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் குழப்பம் எங்கே வருகிறது என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நீந்தும்போது குளம் ஒன்று, கோச் ஒருவர், பெயர் ஒன்று. ரிலேயில் நிற்பவர்களும் தினமும் பக்கத்து லேனில் பார்க்கிற முகங்கள்தான். டீம் என்று சொன்னால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வயது வந்த பிறகு அப்படி இருக்காது. வேலை நேரம், வீடு இருக்கும் இடம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம் இவையெல்லாம் சேர்ந்துதான் நாம் எந்தக் குளத்தில் நீந்துகிறோம் என்பதை முடிவு செய்கின்றன. அதனால் பதிவு ஒரு இடத்தில், பயிற்சி இன்னொரு இடத்தில், ரிலே இன்னொரு கூட்டத்தோடு, புள்ளி எல்லோருக்கும் பொதுவாக என்று பிரிந்துபோகிறது. பிரிந்துபோன நாலையும் நாம் இன்னும் டீம் என்றே சொல்கிறோம். உங்கள் குழுவில் ஒருவர் டீம் என்றால் புள்ளிப் பட்டியலை நினைக்கிறார், இன்னொருவர் காலை ஐந்தரை மணியை நினைக்கிறார். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிறார்கள்.

பெரிய கிளப் என்ற ஏற்பாடு வந்ததற்கும் நியாயமான காரணம் உண்டு. ஆறு பேர், எட்டு பேர் என்று சிதறிக் கிடக்கும் குழுக்களால் ரிலேவுக்கு ஆள் சேர்க்க முடியாது. ஒரு குடையின் கீழ் வந்தால் சேர்க்கலாம். அமெரிக்க மாஸ்டர்ஸ் நீச்சல் அமைப்பில் இந்த வகைப் பிராந்திய கிளப்புகளும் ஒரே குளத்தை நம்பியிருக்கும் உள்ளூர் கிளப்புகளும் உண்டு. ஒன்றோடு ஒன்று மோதினால் நியாயமில்லை என்பதால் தேசியப் போட்டியில் இரண்டு வகைக்கும் தனித்தனி வரிசை வைத்திருக்கிறார்கள். பெரிய கிளப்புக்குள் இருக்கும் உங்களைப் போன்ற குழுவுக்கும் ஒர்க்அவுட் குரூப் என்று அங்கே முறையான பெயர் இருக்கிறது. இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் ஒன்பது பேரின் கணக்குக்கு வருவோம். வயதுகளை எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நிறைய விஷயம் அதில்தான் இருக்கிறது.

மாஸ்டர்ஸ் ரிலேயில் நாலு பேரின் வயதைக் கூட்டிப் பிரிவு போடுவார்கள்: 100 முதல் 119, 120 முதல் 159, 160 முதல் 199, 200 முதல் 239, 240 முதல் 279 என்று மேலே போகும். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. (நீளத்தை மீட்டரில் இல்லாமல் கெஜத்தில் அளந்த குளத்தில் நடக்கும் அமெரிக்கப் போட்டிகளில் மட்டும் நாலு பேரில் இளையவரின் வயதை வைத்துப் பிரிப்பார்கள்.) நீங்கள் அனுப்பிய வயதுகள் அந்தத் தேதிக்கானவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் நாலு பெண்களைக் கூட்டினால் 193. ஆண்களில் 39, 47, 58, 63 சேர்ந்தால் 207. கலப்பு ரிலேவுக்கு இரண்டு ஆண், இரண்டு பெண் வேண்டும். 36, 44, 29, 47 சேர்ந்தால் 156. 52, 61, 58, 63 சேர்ந்தால் 234. ஆக ஒன்பது பேரில் பெண்கள் ரிலே ஒன்று, ஆண்கள் ரிலே ஒன்று, கலப்பு ரிலே இரண்டு. ஒருவர் விடாமல் எல்லோரும் ஏதாவது ஒரு ரிலேயில் நீந்திவிடுகிறீர்கள். இத்தனை சின்னக் குழுவில் இப்படிப் பொருந்துவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் 193 என்பது கொஞ்சம் சங்கடமான எண். 160 முதல் 199 வரையிலான பிரிவில் நீங்கள் மேல் விளிம்பில் நிற்கிறீர்கள். எதிரே நிற்கும் அணியின் கூட்டுத்தொகை 162 ஆக இருக்கலாம். அதாவது தலைக்குச் சராசரி எட்டு வயது இளையவர்கள். இந்த ஆண்டு அவர்களோடு போட்டியிட்டு மெடல் எதிர்பார்க்க வேண்டாம். அதே நாலு பேர் ஆண்டுக்கு நாலு வயது கூடுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு 197. அதற்கடுத்த ஆண்டு 201, அப்போது 200 முதல் 239 வரையிலான பிரிவில் எல்லோரையும்விட இளைய அணிகளில் நீங்களும் ஒன்று. உங்கள் இளைய கலப்பு அணி அடுத்த ஆண்டே 160-ஐத் தொட்டுப் புதுப் பிரிவின் கீழ்ப்படியில் நிற்கும். மூத்த கலப்பு அணி இரண்டு ஆண்டில் 242. வயது ஏறுவதற்காக ஆவலோடு காத்திருக்கும் விளையாட்டு இது. என்னிடம் பயிற்சி பெறுபவர்கள் 60-ஆவது பிறந்தநாளை நாள் எண்ணிக் கொண்டாடுவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன், எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

தனி கிளப்பின் பலவீனமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பெண்கள் சரியாக நாலு பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பெண்கள் ரிலே இல்லை, இரண்டு கலப்பு அணிகளில் ஒன்றும் போய்விடும். பெரிய கிளப்பில் அந்த இடத்துக்கு ஆள் கிடைப்பார்.

சரி, தோழி விஷயம். உங்களோடு நீந்திய மூன்று பேரின் வயதையும் எழுதியிருக்கிறீர்கள். 38, 41, 47, அப்புறம் உங்கள் 44 சேர்ந்தால் 170. 47-க்குப் பதில் தோழியின் 52-ஐ வைத்தால் 175, அதே பிரிவுதான். எனவே வயது அவரைத் தடுக்கவில்லை. வேகத்தை மட்டும் பார்த்து நாலு பேரை எடுத்திருக்கிறார்கள். முதல் அணிக்கு அது சரி. ஆனால் பல போட்டிகளில் ஒரே கிளப் ஒரே பிரிவில் இரண்டாவது, மூன்றாவது அணியையும் இறக்கலாம். போட்டி அறிவிப்பில் இருக்கும், பாருங்கள். அந்த வாய்ப்பு இருந்தும் பி அணி போடவில்லை என்றால், அதற்கு விதி காரணமில்லை. பட்டியல் போட்டவர் முதல் நாலு பெயரோடு நிறுத்திவிட்டார்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நானே அப்படி நிறுத்தியவன். கோச் ஆன ஆரம்ப ஆண்டுகளில் ஒரு போட்டிக்கு நேரப் பட்டியலை வைத்து ரிலே போட்டேன். ஒரே லேனில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நீந்திய நாலு பேரில் மூன்று பேரை எடுத்துக்கொண்டு, நாலாவது ஆளுக்குப் பதிலாக வேறு குளத்தில் இருந்து ஒருவரைக் கொண்டுவந்தேன். அவர் இரண்டு நொடி வேகமானவர். இரண்டாம் இடம் கிடைத்தது. விடப்பட்டவர் அன்று கைதட்டினார், எல்லோரோடும் சாப்பிட்டார், அடுத்த வாரம் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து நான் போய்ப் பேசினேன். "எனக்குக் கோபம் இல்லை கோச், ஆனால் விடியற்காலையில் எழுந்திருக்கக் காரணம் கிடைக்கவில்லை" என்றார். அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. நீச்சல் அவருக்கு மருந்து மாதிரி. அதை நான் இரண்டு நொடிக்கு விலை பேசியிருக்கிறேன்.

மாஸ்டர்ஸ் நீச்சல் எப்படித் தொடங்கியது என்பதை அதற்குப் பிறகுதான் நான் அக்கறையாகப் படித்தேன். ரான்சம் ஆர்தர் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவருக்கு ஒரு யோசனை: போட்டி என்ற இலக்கு இருந்தால் பெரியவர்கள் உடற்பயிற்சியைத் தொடர்ந்து செய்வார்கள். ஜான் ஸ்பன்னத் என்ற நீச்சல் கோச்சும் சேர்ந்துகொள்ள, 1970 மே மாதம் டெக்சஸின் அமரில்லோவில் முதல் தேசிய மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. வந்தவர்கள் 46 பேர். 16 ஆண்டு கழித்து, 1986-இல், டோக்கியோவில் முதல் உலக மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டி. தொடங்கியவரின் நோக்கம் ஆட்களைத் தண்ணீரில் வைத்திருப்பது. ரிலே பட்டியல் ஒருவரை வீட்டில் உட்கார வைத்தால், அது எத்தனை புள்ளி கொண்டுவந்தாலும் தவறான பட்டியல் என்பது என் உறுதியான எண்ணம்.

சேர்ந்து நீந்தியவர்கள் ரிலேயில் நிற்பதால் நேரத்திலும் லாபம் உண்டு. தனிநபர் பந்தயத்தில் ஒலி கேட்டு, உடல் அசைந்து, கால் பிளாக்கை விட முக்கால் நொடி அளவுக்குப் போய்விடும். ரிலேயில் முன்னவர் சுவரைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டே பாயலாம் என்பதால், பழகியவர்கள் கால் நொடிக்குள் கிளம்பிவிடுவார்கள். தொடுவதற்கு முன் கால் பிளாக்கை விட்டால் மொத்த அணியும் தகுதி இழக்கும். முன்பின் தெரியாதவர் வரும்போது நாம் என்ன செய்வோம்? அவருடைய கடைசி வீச்சு நீளமா குட்டையா, சுவருக்கு முன் தயங்குவாரா என்று தெரியாது. பாதுகாப்பாக நின்று, தொட்ட பிறகு கிளம்புவோம். இப்படி ஒருவர் தொட அடுத்தவர் பாயும் மூன்று கைமாற்றிலும் சேர்த்தால் ஒரு நொடி போய்விடும். உங்கள் குழுவில் 61 வயது அம்மாவின் கடைசி மூன்று வீச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இரண்டு நொடி வேகமான புதியவரைக் கொண்டுவரும் கோச்சுகள் இந்த ஒரு நொடியைக் கணக்கில் எடுப்பதில்லை.

நீச்சலின் மற்ற இடங்களில் டீம் என்ற சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்றும் பாருங்கள். ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் ரிலேயில் வழக்கமாக ஆறு பேர். ஆளுக்கு ஒரு மணி நேரம், தொடங்கிய வரிசை கடைசி வரை மாறக்கூடாது. ஒருவருக்கு முடியவில்லை என்றால் அடுத்தவர் முன்னால் வர முடியாது, அந்த முயற்சியே முடிந்தது. படகில் குமட்டலோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆறு பேர் அங்கே டீம். அதற்கு நேர் எதிராக, அமெரிக்க மாஸ்டர்ஸ் அமைப்பு நடத்தும், முன்பு தபால் போட்டி என்று அழைத்த ஒரு மணி நேரப் போட்டி இருக்கிறது. ஒவ்வொருவரும் அவரவர் குளத்தில், அவரவர் நாளில் ஒரு மணி நேரம் நீந்தித் தூரத்தை அனுப்புவார்கள். ஒரே கிளப்காரர்கள் மூன்று பேரின் தூரத்தைக் கூட்டினால் அது டீம், கலப்பு என்றால் நாலு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே வேண்டாம். இரண்டிலுமே மனிதர்கள் உற்சாகமாகக் கலந்துகொள்கிறார்கள். எனவே முகம் தெரியாத மூன்று பேரோடு நீந்தினால் அது டீமா என்று கேட்டால், அந்தப் பந்தயத்துக்கு அது டீம்தான் என்பேன். அந்த மூன்று பேருக்கும் முடிந்தால் ஒரு செய்தி அனுப்புங்கள். அடுத்த முறை வார்ம்-அப் நேரத்திலாவது சேர்ந்து இரண்டு கைமாற்று செய்து பார்க்கலாம்.

இனி நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். இந்த சீசன் பெரிய கிளப்பிலேயே இருங்கள், ஆனால் பேசிவிட்டு இருங்கள். உங்கள் கோச் மூலமாகக் கிளப் நிர்வாகியிடம் ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு பிரிவிலும் முதல் அணியை வேகத்தை வைத்து அவர்கள் போடட்டும், அதன் பிறகு வரும் அணிகளைப் பயிற்சிக் குழுக்களே போட்டுக்கொள்ளட்டும், ரிலே வேண்டும் என்று பெயர் கொடுத்தவர் யாரும் ரிலே இல்லாமல் திரும்பக்கூடாது. எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சாக இருந்தால் போட்டி நாள் காலைப் பரபரப்பில் காணாமல் போய்விடும். இதனால் கிளப்புக்கு ஒரு புள்ளிகூடக் குறையாது, எனவே நல்ல நிர்வாகி மறுக்க மாட்டார்.

உங்களுக்கு ஒரு சிக்கல் வரும். ஒரே பந்தயத்தில் ஒருவர் ஒரு அணியில்தான் நீந்தலாம். முதல் அணி உங்களை எடுத்துக்கொண்டால் உங்கள் குழுவில் மூன்று பெண்கள்தான் மிச்சம். மெட்லி ரிலேயும் ஃப்ரீஸ்டைல் ரிலேயும் தனித்தனிப் பந்தயம் என்பதால், மெட்லியில் கிளப்பின் முதல் அணிக்கு நீந்துங்கள், ஃப்ரீஸ்டைலில் உங்கள் நாலு பேரோடு நீந்துங்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேகமானவர் வாய் திறந்து கேட்டால்தான் இது நடக்கும். உங்கள் தோழி கேட்க மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நிர்வாகி மறுத்தால், ஒன்பது பேரோடு தனியாகப் பதிவு செய்யத் தயங்க வேண்டாம். அதற்கு முன் உங்கள் சங்கத்தில் கிளப் பதிவுக்குக் குறைந்தபட்சம் எத்தனை பேர் வேண்டும், கிளப் மாறினால் புதுப் பெயரில் நீந்துவதற்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் மாறி, முக்கியமான போட்டியில் யாருக்கும் நீந்த முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

39 வயதுத் தம்பியை யாரும் வற்புறுத்த வேண்டாம். கிளப் இல்லாமல் நீந்துவது முழு உரிமை. பெரும்பாலான போட்டிகளில் அவர் நேரம் பதிவாகும், தனிநபர் மெடலும் கிடைக்கும். ரிலே மட்டும் கிடையாது, உலகப் போட்டிக்குப் போக ஆசை வந்தால் ஒரு கிளப் தேவைப்படும். அவரிடம் ஒரு கணக்கை மட்டும் காட்டுங்கள். அவர் இல்லாமல் 29, 47, 58, 63 நின்றால் கூட்டுத்தொகை 197, அதாவது பிரிவின் மேல் விளிம்பு. 29-க்குப் பதில் அவர் வந்தால் 207, மேல் பிரிவின் கீழ்ப்படி. அவருடைய பத்து வயது அந்த அணிக்கு எவ்வளவு தேவை என்று பார்த்தால் அவரே யோசிப்பார். யோசித்தும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். காலையில் அவர் உங்கள் லேனில்தான் இருக்கப்போகிறார்.

கடைசியாகத் தோழியின் கால் நடுக்கம். மாஸ்டர்ஸ் விதிப்படி பிளாக்கில் இருந்துதான் பாய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குளத்தின் ஓரத்தில் நின்று பாயலாம், தண்ணீருக்குள் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உந்தியும் கிளம்பலாம். ஃப்ரீஸ்டைல் ரிலேயில் அவரை முதல் ஆளாகப் போடுங்கள். முன்னவர் எப்போது தொடுவார் என்ற பதற்றம் அவருக்கு இருக்காது, ஒலி கேட்டுக் கிளம்பினால் போதும். பெண்கள் மட்டும் நீந்தும் ரிலேயில் முதல் ஆளின் நேரம் அதிகாரபூர்வமான தனிநபர் நேரமாகவும் கணக்கில் வரும். அவர் பெயருக்கு எதிரே ஒரு 50 மீட்டர் நேரம் பதிவாகிவிடும். அவர் சுவரைத் தொட வரும்போது பிளாக்கில் நிற்பது நீங்களாக இருங்கள். வரும் சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, அவர் உள்ளே வர நீங்கள் மேலே பாய என்று ஒரு ஆறு தடவை செய்து பாருங்கள். துண்டைப் பிடித்துக்கொள்ள அந்த 39 வயதுத் தம்பி இருக்கிறாரே.

அன்புடன்,
உங்கள் கோச்